கட்டில் அடுத்த வீட்டுக்குப் போனது

எங்கள் சேவைச் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று தீர்மானித்த கூட்டத்தில் யாரும் கண்கலங்கவில்லை. சமோசா சூடாக இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், எங்களில் பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது. நிறைவேறியது என்ன தீர்மானம் என்பதே அவர்களுக்கு மறுநாள் ஃபோனில் விசாரித்தபோதுதான் தெரிந்தது.

கண்டோன்மென்ட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, வாடகை அறையில் கூடுகிற சங்கம். பெரிய பெயருள்ள சங்கங்களைப் பார்த்து அந்தக் காலத்தில் யாரோ ஆசைப்பட்டுத் தொடங்கியது. மேஜைமேல் மணி, மரச் சுத்தியல், தலைவர் கழுத்துக்குப் பித்தளைச் சங்கிலி எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்களாம். நான் சேரும்போதே படிக்கட்டு காலி. அப்புறம் அறையும் காலியாகிக்கொண்டே வந்தது. உறுப்பினர்கள் பிள்ளைகள் வாங்கிய அடுக்குமாடிக்குப் போனார்கள், அல்லது பிள்ளைகளால் துணைக்கு வர முடியாத இடத்துக்குப் போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை. ஐம்பதைத் தாண்டி, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு படியேறும் என்னைக் கடைசிவரை "யூத் விங்" என்றுதான் கூப்பிட்டார்கள். உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காத மரியாதை. அதற்காகவே விடாமல் போய்க்கொண்டிருந்தேன் என்றும் சொல்லலாம்.

நான் செயலாளர். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் மினிட்ஸ் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். என் கட்டுரைகளைப் படித்து யாரும் சிரித்ததாக நினைவில்லை. மினிட்ஸுக்குச் சிரித்தார்கள். தலைவர், பெரிய அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவர். சங்கத்தில் எல்லாரையும் பதவி சொல்லிக் கூப்பிடுகிறவர், என்னை மட்டும் "ரைட்டரே" என்பார். அதில் மரியாதை எத்தனை பங்கு, கிண்டல் எத்தனை பங்கு என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. பொருளாளர், மாதா கோயில் தெருப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். இப்போதும் எங்களுக்கு அவர் டீச்சர்தான். அவரைவிட மூத்த தலைவரே, டீச்சர் உள்ளே வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

பேச்சுப் போட்டி, கண் முகாம், நோட்டுப் புத்தகம் வழங்குதல் என்று எல்லாச் சங்கங்களும் செய்வதை நாங்களும் செய்தோம். ஆனால் அக்கம்பக்கத்தில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு நாங்கள் "கட்டில் க்ளப்". படுத்த படுக்கையாகிவிட்டவர்கள் வீட்டுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் தருவோம். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு, காலில் சக்கரம். தலைவர் பழக்கிவைத்திருந்த பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் செய்தவை. அங்கே மிச்சமாகும் பெயிண்ட்டையே அடித்துக் கொடுப்பார்கள் என்பதால், எங்கள் கட்டில்கள் எல்லாம் லேத் மெஷினின் பச்சையில் இருக்கும். படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஆட்கள் என்பதால் அந்த நிறம் யாருக்கும் அந்நியமாகத் தோன்றியதில்லை.

கட்டிலுக்கு வாடகை இல்லை, முன்பணம் இல்லை, ரேஷன் கார்டு நகல் இல்லை. "படுக்கையில இருக்காரு" என்று ஒருவர் சொன்னால் போதும். படுக்கையில் இருப்பதாக யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை என்பது டீச்சரின் கட்சி. கட்டிலுக்குக் கிடங்கும் கிடையாது. ஒரு வீட்டில் தேவை தீர்ந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்களே அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சங்கம் விலாசம் சொல்லும். தலைவர் ஸ்பானரோடு வந்து நட்டு போல்ட்டை எல்லாம் இறுக்கிப் பார்ப்பார். கொண்டுபோகிறவர்கள் கூடவே ஒரு புதுப் படுக்கை விரிப்பு வாங்கிக்கொண்டு போவார்கள். இதெல்லாம் எங்கும் எழுதிவைத்த விதியல்ல. எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

தேவை எப்படித் தீர்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தீரும். ஆனால் கொண்டுபோகிற இடத்தில் அதைச் சொல்வது வழக்கமில்லை. "எங்க வீட்ல நல்லாயிட்டாங்க, இனிமே இது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள், "அப்பாடா, நல்லதாப் போச்சு" என்று சொல்ல வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் கட்டிலைக் கொண்டுபோனவர், அங்கே படுக்கப்போகிறவரின் முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். பிறகு வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் அப்பா அந்தப் பச்சைக் கட்டில் ஒன்றில்தான் கடைசி வருஷத்தைக் கழித்தார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு, தலைவர் சொன்ன விலாசத்துக்குக் கட்டிலை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஹலசூரு பக்கம் ஒரு சந்து. படுத்திருந்தவர் அப்பா வயதுக்காரர். தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். நானும் ஆட்டோக்காரரும் கட்டிலை உள்ளே நுழைக்கத் திண்டாடியதை எல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"உங்க அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லாயிட்டாருங்க. காலையில ஏரிக்கரை வரைக்கும் நடக்கிறாரு."

உயிரோடு இருந்தபோது அப்பா ஏரிக்கரைப் பக்கமே போனதில்லை. கொசு என்பார். அவரை நடக்க வைக்க எனக்கு அப்படி ஒரு அவசரம்.

அவர் என் தலையைப் பார்த்தார். கொள்ளிவைத்த மகனுக்குரிய மொட்டை. புதிது. டியூப்லைட் வெளிச்சத்தில் மறைக்க வழியில்லை. வீட்டிலிருந்த பெண்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"திருப்பதியா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க. அப்பா எழுந்து நடந்தா முடி குடுக்கறதா வேண்டுதல்."

"நல்லது," என்றார். "பெருமாள் நல்லா வெச்சிருக்கட்டும்."

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். காபி கொடுத்தார்கள், குடித்தேன். அடுத்த வாரம் சங்கத்தில் சேர்ந்தேன்.

சங்கத்தை மூடுவதென்றால் சேமிப்பை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் தமாஷ் செய்தார். தமாஷ்தான் என்று உறுதியாகும்வரை டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஊரில் உள்ள ஒரு சமூக நிதியத்தில் போடுவதென்று முடிவாயிற்று. எங்களைப் போன்ற பல சின்னச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் விட்டுச்செல்லும் பணத்தை வாங்கி, முதலைத் தொடாமல், வருஷா வருஷம் வரும் வருமானத்தை அந்தந்தச் சங்கத்தின் பெயரில், அந்தந்தச் சங்கம் சொன்ன காரியத்துக்கே செலவு செய்கிற ஏற்பாடு. நிதியத்திலிருந்து பேச வந்தது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கன்னடக்காரர், தமிழ் பேசும் தெருவில் வளர்ந்தவர். அவருடைய தமிழுக்கு ஸ்ரீராம்புரம் வாசனை இருந்தது.

"சார், நீங்க போனப்பறமும் உங்க பேர்ல வேலை நடந்துக்கிட்டே இருக்கும்," என்றார்.

"எங்க போனப்பறம்?" என்றார் தலைவர்.

"ஐயோ. க்ளப் சார். க்ளப் போனப்பறம்."

"பரவால்லம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

பணம் எளிதாக முடிந்தது. கட்டில்களில் வந்து நின்றது. "பொருளை நாங்க வெச்சுக்க முடியாது சார். பணம்னாதான் வாங்கிப்போம். கட்டில் எல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"வீடுகள்ல," என்றார் டீச்சர்.

"எந்த வீடுகள்ல, மேடம்?"

"தேவைப்பட்ட வீடுகள்ல."

அந்தப் பெண் லேப்டாப்பில் எதையும் அடிக்காமல் காத்திருந்தார். அப்போது தலைவர், "எல்லாத்தையும் திருப்பி வாங்கி ஸ்கிராப்புக்குப் போட்டுடலாம். அந்தப் பணத்தையும் நிதியத்துலயே சேர்த்துடலாம். ஆயித்து" என்றார்.

டீச்சர் பேனாவை மூடினார். "எது ஆயித்து?"

"டீச்சர், கோபப்படாம கேளுங்க. நான் தொட்டுப் பார்க்காம ஒரு கட்டில்கூட வீடு மாறினதில்ல. நாளைக்கு சங்கம் இருக்காது, நானும் எத்தனை நாளைக்கு ஸ்பானர் பிடிப்பேன்? எங்கயோ ஒரு வீட்ல தடுப்புக் கம்பி கழண்டு, படுத்திருக்கற மனுஷன் கீழ விழுந்தா? யாரைப் போய்க் கேட்பாங்க? இல்லாத சங்கத்தையா?"

"அதுக்காக இருக்கறவங்க தரையில படுக்கணுமா?"

"விழறதுக்குத் தரை மேல்."

இருவரும் சொன்னது நியாயம்தான். நான் மினிட்ஸில் "கட்டில் பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன். இலக்கியம் இவ்வளவு படித்தும் அதற்கு மேல் ஒரு வாக்கியம் வரவில்லை. தலைவர் அன்று முழுக்க வலது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்ததைக் கவனித்தேன். அந்தக் கை சில மாதங்களாக நடுங்க ஆரம்பித்திருந்தது. அதுபற்றிப் பேசுவதும் எங்களிடம் வழக்கமில்லை.

கட்டில் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குள் சங்கம் மூடப்படுவதைத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் முறையாகச் சொல்லிவிடுவது என்று ஒரு வாட்ஸாப் செய்தி தயாரானது. "நமது சங்கம் இம்மாதத்தோடு கலைக்கப்படுகிறது. இத்தனை காலம் துணைநின்ற அனைவருக்கும் நன்றி." கட்டிலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதை ஃபார்வர்டு செய்த யாரோ மங்களகரமாக இருக்கட்டும் என்று கீழே ஒரு குத்துவிளக்குப் படம் சேர்த்துவிட்டார்கள். அதோடு அது இரங்கல் செய்தியாகிவிட்டது.

எங்கள் ஜனங்களிடம் ஒரு குணம் உண்டு. ஒரு வீட்டில் சாவு என்றால், அந்த வீட்டிலிருந்து எப்போதோ இரவல் வாங்கியதைத் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். குத்துவிளக்கு, அண்டா, ஏணி, எதுவானாலும். இல்லாமல் போனவரின் பொருளைக் கையில் வைத்திருந்தால் சோறு இறங்காது அவர்களுக்கு. சங்கம் போய்விட்டது என்று செய்தி போனதும் அதைத்தான் செய்தார்கள்.

மறுநாள் காலை ஹார்டுவேர் கடைக்காரர் கூப்பிட்டார். "அரே சார், கடை வாசல்ல உங்க கட்டில் ரெண்டு நிக்குது. ஒரு வாக்கரும் வந்திருக்கு. ஆணி வாங்க வந்தவன் கட்டில் என்ன விலைன்னு கேக்கறான். நான் இன்னா சொல்லட்டும்?"

விற்பனைக்கு இல்லை என்று சொல்லச் சொன்னேன். மதியத்துக்குள் இன்னொன்று வந்தது. அவை எல்லாம் தேவை முடிந்து, அடுத்த விலாசத்துக்காகக் காத்திருந்த கட்டில்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நிம்மதியானேன். அந்த நிம்மதி சந்தாபுராவிலிருந்து ஃபோன் வரும்வரை இருந்தது.

அந்தப் பெண்மணி முன்பு எங்கள் தெருவுக்குப் பின் சந்தில் இருந்தவர். கணவர் பீன்யாவில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். பக்கவாதம் வந்து விழுந்த பிறகு வாடகை கட்டுப்படியாகாமல் ஊரைத் தாண்டிச் சந்தாபுராவுக்கு வீடு மாறினார்கள். கட்டிலும் கூடவே போயிருந்தது.

"அண்ணா, கட்டிலைக் கழட்டித் தொடச்சு வெச்சுட்டேன். லக்கேஜ் ஆட்டோதான் இன்னிக்குக் கிடைக்கல. நாளைக்குக் காலையில அனுப்பினா பரவாயில்லீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"அவரு எங்கம்மா?"

"கீழதான். பாய் போட்டுப் படுக்க வெச்சிருக்கேன்."

தலைவருக்குச் சொன்னேன். அவர் ஸ்பானர் பையோடு கிளம்பினார். டீச்சருக்குச் சொன்னேன். அவர் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டீச்சர் எந்தச் சாலையிலும் ஒரே வேகத்தில்தான் ஓட்டுவார், அது மாட்டுவண்டிகளை மனதில் வைத்து வகுத்த வேகம். ஓசூர் ரோட்டில் எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. ஹாரன் சத்தத்தில் தலைவர் வழக்கமாக ஏதாவது சொல்வார். அன்று மடியில் ஸ்பானர் பையை வைத்துக்கொண்டு முன்னால் போகும் லாரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலிடம். சுவரோரம் கட்டிலின் சட்டங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பச்சை பெயிண்ட் பளபளக்கும்படி துடைத்திருந்தார். நட்டும் போல்ட்டும் ஒரு கைக்குட்டையில் முடிச்சாகக் கிடந்தன. அவற்றின் மேல், கவர் பிரிக்காத ஒரு புதுப் படுக்கை விரிப்பு.

அதைப் பார்த்ததும் டீச்சர் சமையலிடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவர் தரையில் இருந்தார். பாய்மேல் பழைய புடவைகளை மடித்துப் போட்டிருந்தது. கஞ்சி புரையேறியிருக்க வேண்டும், இருமிக்கொண்டிருந்தார். கட்டிலில் கைப்பிடியைச் சுற்றினால் தானாக எழும்பும் தலையை, இங்கே அந்த அம்மா ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊட்ட வேண்டியிருந்தது. கணவரின் முதுகில் ஏற்கெனவே ஆறிய புண் ஒன்றின் வடு இருந்தது. புரட்டிப் படுக்கவைக்க அந்த அம்மா ஒருவரால் முடியாது. அந்தக் கட்டில் போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரும்மா கட்டிலைக் கேட்டாங்க?" என்றார் தலைவர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"யாரும் கேக்கலீங்க ஐயா. சங்கமே முடிஞ்சுபோச்சுன்னு வந்துச்சு. அதோட சாமானை நாம வெச்சிருக்கறது நல்லாவா இருக்கும்? வந்து கேக்கறதுக்கு முன்னாடி குடுத்துடறதுதானே மரியாதை?"

தலைவர் தரையில் உட்கார்ந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். முதல் போல்ட்டு நுழைந்தது. நட்டைத் திருகும்போது கை ஆடியது, மரை பிடிக்கவில்லை. மறுபடி வைத்தார். நழுவி உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்து நானே திருகினேன். ஸ்பானரை என் பக்கம் நகர்த்தினார்.

"இறுக்கு. இன்னும். அவ்ளோதான், போதும். அடுத்தது."

இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஸ்பானரை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதைப் பிடிக்கவே தெரியவில்லை. அதற்காக அவர் என்னை ஒன்றும் சொல்லாததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கட்டில் நின்றதும், அடியிலிருந்த புடவையோடு சேர்த்து நாலு பேரும் அவரைத் தூக்கினோம். டீச்சர் தலைப்பக்கம். "ஒன், டூ, த்ரீ" என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார், நாங்களும் பிள்ளைகள்போல் தூக்கினோம். படுத்ததும் அந்த அம்மா கைப்பிடியைச் சுற்ற, அவர் மெல்ல எழும்பி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வலது பக்கம் முழுக்கச் செயலில்லை, பேச்சு குழறும்.

"கீழ இருந்து… ஃபேன்… ரொம்ப தூரம்," என்றார்.

"ஆமா, ராஜா மாதிரி மேல இருந்தே பழக்கமாயிடுச்சு இவருக்கு," என்றார் அவர் மனைவி. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். டீ போட்டார். புது விரிப்பின் கவரை டீச்சரே பிரித்து அவர்மேல் போர்த்திவிட்டார்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அப்போதுதான் டீ குடித்திருந்தோம், யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தலைவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கிராப் வேண்டாம்," என்றார்.

டீச்சர் ஜெயித்த முகத்தைக் காட்டவில்லை. "பீன்யா பட்டறையில கேட்டா, கட்டில் வீடு மாறும்போது எல்லாம் ஆள் அனுப்பி செக் பண்ணுவாங்களா?"

"கூலி குடுத்தா பண்ணுவான். என்கிட்டதான் ஓசி வேலை."

"நிதியத்து வருமானத்துலேர்ந்து அந்தக் கூலியைக் குடுக்கச் சொல்லலாமே."

தலைவர் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரைட்டரே, இதை விவாதிக்கப்பட்டதுன்னு எழுதிடாத. முடிவாச்சுன்னு எழுது" என்றார்.

நிதியத்தின் அலுவலகத்தில் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். பட்டறைக் கூலி, வண்டி வாடகை, தேய்ந்துபோன கட்டிலுக்குப் பதில் புதுக் கட்டில், எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் சம்மதித்தார். கட்டில் யார் பெயரிலும் இல்லாமல் வீடுகளிலேயே சுற்றட்டும், நிதியம் அதன் செலவை மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் இரண்டு இரவு உழைத்து எழுதியதில் "மானுடம்" என்று ஒரு சொல் இருந்தது. டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டு எழுதினார்: "படுக்கையில் இருப்பவருக்குக் கட்டில். அத்தாட்சி கேட்காமல்."

சிக்கல் வருடாந்தர அறிக்கையில் வந்தது. "கட்டில் வாங்கினவங்க நிலைமைன்னு ஒரு இடம் இருக்கு மேடம். குணமடைந்தார், சிகிச்சையில் இருக்கிறார், காலமானார். மூணுல ஒண்ணு போடணும்."

"மூணும் வேண்டாம்," என்றார் டீச்சர்.

ஏன் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. ஹலசூருச் சந்து வீட்டையும், என் மொட்டைத் தலையையும், ஏரிக்கரையையும் சொன்னேன். கட்டுரையாக எழுதினால் சிரிப்பு வரும் இடங்களில் எல்லாம் குரல் ஒத்துழைக்கவில்லை. கட்டிலைக் கொண்டுபோகிறவர் வாய்விட்டுச் சொல்லாததை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிவைத்தால், அப்புறம் கொண்டுபோகிறவர் அந்த வாசலில் என்ன சொல்வார்?

அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "அப்ப அந்த இடத்துல நான் என்ன போடட்டும்?"

"கட்டில் அடுத்த வீட்டுக்குப் போச்சுன்னு போடும்மா. அவ்வளவுதான் எங்களுக்கே தெரியும்," என்றார் தலைவர்.

அந்தப் பெண் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கேட்டார். சில வாரம் கழித்துச் சரி என்று பதில் வந்தது.

கடைசியாக ஒன்று. எந்த வீட்டுக்குக் கட்டில் போகலாம் என்று சொல்ல, சங்கத்தைச் சேராத மூன்று பேர் ஆலோசகர்களாக வேண்டும் என்றது நிதியம். கட்டிலை ஒருமுறையாவது அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனவராக இருக்க வேண்டும் என்று டீச்சர் ஒரு தகுதி வைத்தார். எல்லாருக்கும் பிடித்திருந்தது. இரண்டு பேர் உடனே கிடைத்தார்கள். மூன்றாவதாகச் சந்தாபுரா அம்மாவைப் போடலாம் என்று நான் சொன்னேன். "ஆமா, அந்தம்மாதான் சரி" என்ற டீச்சர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மா இன்னும் கட்டிலை எங்கேயும் கொண்டுபோகவில்லை.

நாங்கள் ஒரு விதி எழுதியிருக்கிறோம், அதன்படி அந்தப் பெண்மணி தகுதி பெறுவதற்கு என்ன நடக்க வேண்டும் என்பது எல்லார் மனதிலும் ஒரே நேரத்தில் ஓடியது.

"அந்தத் தகுதி அந்தம்மாவுக்கு வரவே வேண்டாம்," என்றார் தலைவர். "விதியை மாத்து."

கட்டிலைக் கொண்டுபோன வீடு, அல்லது கட்டில் இப்போது இருக்கிற வீடு என்று மாற்றினோம். மாற்றிய விதியைச் சங்கம் ஒரு கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். அந்தக் கடைசிக் கூட்டத்தைச் சந்தாபுராவிலேயே வைத்துக்கொண்டோம், அந்த அம்மாவால் கணவரை விட்டு வர முடியாது என்பதால். ஒற்றை அறையில் கட்டிலைச் சுற்றி மிச்சமிருந்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தோம். நான் சமையலிட வாசற்படியில். தீர்மானத்தைப் படித்தேன்.

"எனக்கு ஆசைதான் ஐயா," என்றார் அந்த அம்மா. "ஆனா மீட்டிங்னா கண்டோன்மென்ட் வரணுமே. இவரை யார்கிட்ட விட்டுட்டு வர்றது? வேற யாரையாவது போட்டுக்குங்க."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் இடது கையால் தடுப்புக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க? தண்ணியா?"

"இல்ல… போ. மாசம்… ஒரு நாளு… போ."

"போன்னா? நீங்க தனியா இன்னா பண்ணுவீங்க?"

"இவ… வெளிய போயி… ரெண்டு வருஷம்," என்றார், மனைவியிடம் அல்ல, எங்களிடம். புகார் கொடுக்கிற குரல்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் வந்து உட்கார்றேன். இனிமே எனக்கு வேற என்ன மீட்டிங் இருக்கு?"

"ஐயா, நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்…"

"பஸ் இருக்கும்மா. சீனியர் சிட்டிசன் பாஸ் வெச்சிருக்கேன், சும்னே வேஸ்ட் ஆகுது."

தீர்மானம் நிறைவேறியது. சங்கமும் முடிந்தது. அந்த நிமிஷத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உரை ஒன்றுகூடத் தயாரித்துப் பையில் வைத்திருந்தேன். அதற்குள் அந்த அம்மா எல்லாருக்கும் தட்டில் உப்புமா வைத்துவிட்டார்.

ஆலோசகர்களின் முதல் கூட்டத்துக்கு அவரை டீச்சரின் காரில் அழைத்துவந்தோம். வழியெல்லாம் ஃபோன் செய்துகொண்டே வந்தார். கஞ்சி குடிச்சாரா, திருப்பிப் படுக்க வெச்சீங்களா, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக்குங்க. ஸ்பீக்கரில் தலைவரின் குரல் கேட்டது. "எல்லாம் ஆச்சும்மா. ரெண்டு பேரும் கிரிக்கெட் பார்க்கறோம். அவரு என்னைவிட நல்லாத் திட்டறாரு."

நிதியத்து அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் மினிட்ஸ் எழுத இல்லை, வெறும் துணை. நிதியத்துப் பெண் முதல் வேண்டுகோளைப் படிக்க ஆரம்பித்தார். அத்திபெலேயில் ஒரு வீடு, அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர், இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார், வீட்டில் மகள் மட்டும்…

"குடுத்துடலாங்க," என்றார் சந்தாபுரா அம்மா.

"மேடம், இருங்க, நான் இன்னும் முழுசாப் படிக்கல."

"படுக்கையில இருக்காருன்னு படிச்சீங்களேம்மா."

அந்தப் பெண் மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே, ஹார்டுவேர் கடை வாசலில் இன்னும் நிற்கும் கட்டில்களில் எதை அனுப்புவது, யார் கூடப் போவது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.